மஞ்சள் சேவல்

தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு சொல்லைச் சொல்லக்கூடாது. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வீடு திரும்பும்போதே ஆயா அந்தச் சொல்லைப் பூட்டிவிடும். நாற்பது நாளும் கழிந்து, பெரிய சனிக்கிழமை ராத்திரி சாமியார் மூன்று தரம் பாடித் திறந்துவிட்ட பிறகுதான் அது எங்கள் வாயில் வரலாம். அல்லேலூயா. கோயிலில் பாடக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். வீட்டில் உச்சரிக்கவே கூடாது என்பது ஆயா சட்டம். இரண்டாவதுதான் கடுமை. ஒருமுறை குளியலறையில் மறந்துபோய் முணுமுணுத்ததற்கு, ஈரத்தோடு முட்டிபோட்டு அருள்நிறை மந்திரம் பத்துச் சொல்லியிருக்கிறேன்.

1979-ல் எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஆறு. பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை வீடு. அந்தப் பக்கம் கொம்தார் எழும்பிக்கொண்டிருந்த காலம். வெளித் திண்ணையில் உட்கார்ந்தால் கட்டட வேலைச் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். இடது பக்கத்து வீட்டில் ஆ சிம் என்று நாங்கள் கூப்பிட்ட நோன்யா கிழவி. எதிர்வீட்டில் முருக பக்தி மிகுந்த ஒரு பெரியம்மா. எங்களுக்குக் கோயில் என்றால் பினாங்கு ரோட்டுச் சவேரியார் கோயில். ஃபார்க்கர் தெருவில் இன்னும் பழைய மாதா கோயில் ஒன்று உண்டு. 1786-ல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவுக்கு வந்தபோது கெடாவிலிருந்து பின்னோடு வந்த யூரேசியர்களால் ஏற்பட்டது அது. அங்கே இங்கிலீஷ் பூசை. நமக்கு ஆண்டவர் தமிழில்தான் உயிர்ப்பார் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார்.

முந்தின வருஷம் கோலாலம்பூர் சித்தப்பா ஒரு ஈஸ்டர் கார்டு அனுப்பியிருந்தார். இங்கிலாந்தில் அச்சடித்தது. கூடை நிறைய வண்ண முட்டைகள், பக்கத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு முயல். ஆயா அதைக் கண்ணுக்குக் கிட்டேயும் எட்டேயும் வைத்துப் பார்த்தது.

"இது யாரு?"

"முயலு, ஆயா."

"அது தெரியுது. ஆண்டவருக்கு என்ன வேணும்னு கேக்குறேன்."

யாருக்கும் பதில் தெரியவில்லை. முயல் முட்டையிட்டுப் புதருக்குள் ஒளித்துவைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் வழக்கத்தை 1682-லேயே ஒரு ஜெர்மன் மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியவர இன்னும் இருபது வருஷம் ஆனது. முட்டைக்காவது ஒரு நியாயம் உண்டு. அந்தக் காலத்து ஐரோப்பாவில் தவக்காலத்தில் முட்டையும் விலக்கு. ஆனால் கோழிக்குத் தவக்காலம் தெரியாதே. நாற்பது நாள் சேர்ந்துபோன முட்டைகளை ஈஸ்டரன்று என்னதான் செய்வது? சாயம் பூசிப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள்.

அந்த வருஷம் நாமே கார்டு செய்தால் என்ன என்று கிளப்பியது அத்தை. அப்பாவின் தங்கை, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் மறைக்கல்வி எடுப்பவர். கடையில் ஒரு கார்டு எண்பது காசு. எங்களுக்கு வேண்டியது பதினொன்று. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அப்பா ஒன்றும் பேசாமல் மறுநாள் ஒரு கட்டு அட்டை கொண்டுவந்து போட்டார். அவர் துறைமுகத்தில் கிராணி. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளுக்குக் கணக்கெழுதும் அட்டை அது. படிவம் மாறியதால் பழையதைக் கழித்திருந்தார்கள். ஒரு பக்கம் கோடுகளும் கட்டங்களும், மறுபக்கம் வெறும் இளமஞ்சள் வெள்ளை. கட்டம் உள்ளே போகிற மாதிரி மடிக்கச் சொன்னார் அத்தை. எங்கள் கார்டைத் திறந்த எல்லாருமே வாழ்த்தோடு கூட 'மொத்தப் பெட்டிகள்', 'சேதமானவை' என்கிற இங்கிலீஷ் தலைப்புகளையும் வாசித்திருப்பார்கள்.

மடிப்பதற்கும் ஒரு முறை இருந்தது. அட்டையை அப்படியே மடக்கினால் முதுகு வெடித்துவிடும். அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பேனா முனையால் ஒரு கோடு அழுத்தி இழுத்து, பிறகு மடித்து, கரண்டியின் முதுகால் தேய்க்க வேண்டும். தேய்க்கும் வேலை தங்கைக்கு. உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் தேய்த்த தேய்ப்பில் இரண்டு அட்டை பளபளத்துப்போய் சாயமே பிடிக்காமல் போனது.

பசை வீட்டிலேயே காய்ச்சியதுதான். காலி மைலோ டின்னில் மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பால் மாதிரி இருப்பது ஒரு நொடியில் கண்ணாடி மாதிரி மாறும். அந்த நொடியில் இறக்காவிட்டால் கட்டி. கரப்பான் அரிக்காமல் இருக்க ஒரு துளி மயில்துத்தம் சேர்ப்பது ஆயாவின் வழக்கம். விஷம் என்பதால் எங்களைக் கிட்டே விடாது. பசை தொட்ட விரலை எண்ணி எண்ணிக் கழுவவைக்கும்.

வர்ணத்துக்குத்தான் திண்டாட்டம். தங்கையின் மெழுகு வர்ணப் பெட்டியில் கருப்பும் மண்ணிறமும் ஒடிந்த பச்சை ஒன்றும்தான் மிச்சம். "குசினியில இல்லாத வர்ணமா?" என்றார் அத்தை. மஞ்சளைக் குழைத்தால் மஞ்சள். அதிலேயே ஆயாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு நகம் சுண்ணாம்பு எடுத்துக் கலந்தால், கண் எதிரிலேயே ஆரத்தித் தண்ணீர்ச் சிவப்பு. பாண்டான் இலையை இடித்துப் பிழிந்தால் பச்சை. நீலம்?

நீலம் ஆ சிம் வீட்டு வேலியில் இருந்தது. நாங்கள் சங்குப்பூ என்போம். அவர் புங்கா தெலாங் என்பார். அந்தப் பூச்சாற்றில்தான் அவர் புளுத் அரிசிக்கு நீலம் ஏற்றுவார். ஒரு வாய் வெள்ளை, ஒரு வாய் நீலம் என்று சலவைக்கல் மாதிரி இருக்கும் அந்தப் பலகாரம், தேங்காய்ப்பால் காயாவைத் தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். பூ கேட்கப் போனபோது எனக்கு வேறொன்றும் கண்ணில் பட்டது. செங் பெங் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கல்லறையில் எரித்ததுபோக மிச்சம் வைத்த காகிதக் கட்டு மேசையோரம் இருந்தது. ஒவ்வொரு தாளின் நடுவிலும் சதுரமாகத் தங்க ரேக்கு. ஒன்று போதும், பதினொரு கார்டுக்கும் சூரியன் வெட்டிவிடலாம். கையை நீட்டினேன். படார் என்று புறங்கையில் ஓர் அடி.

"பந்தாங்!"

செத்தவர்களுக்குப் போகிற காசு அது, பிள்ளைகள் தொடக்கூடாது என்று பாதி மலாயிலும் பாதி ஹொக்கியனிலும் திட்டிவிட்டு, அதே கையில் ஒரு கிண்ணம் பூவைக் கொடுத்தனுப்பினார். வீட்டில் சொன்னபோது ஆயா அவர் பக்கம்தான் பேசியது. "நல்ல பொம்பள. அடிச்சது சரி." கடைசியில் தங்கத்துக்கு, பக்கத்துச் சந்துக் காப்பிக்கடையில் மேசைக்கடியில் கிடந்த சிகரெட் பெட்டிகளின் உள்தாள்தான் கை கொடுத்தது. நகத்தால் நீவிச் சுருக்கம் எடுத்துவிட்டால் தங்கமேதான், வாசனையைத் தவிர.

படம் என்ன போடுவது? முயல் வரைந்து பார்த்தேன். பெருச்சாளி ஆனது. கல்லறை வரைந்தேன், தங்கை அதைக் கோழிக்கூடு என்றாள். அப்போதுதான், அதுவரை பாக்கு வெட்டிக்கொண்டிருந்த ஆயா சொன்னது: "சேவல் போடு."

"சேவலா?"

"ராயப்பருக்கு உறைக்கிற மாதிரி கூவுச்சே, அது. அவரு மூணு தரம் தெரியாதுன்னு சொன்னப்பவும் அதுதான் கூவுச்சு. ஆண்டவர் எழுந்த விடிகாலையிலயும் ஒண்ணு கூவியிருக்கும், இல்ல? எழுதிவைக்க மறந்துட்டாங்க."

எனக்குச் சேவலும் வரவில்லை. ஆயா பென்சிலைப் பிடுங்கியது. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதினேழு வயதில் நாகப்பட்டணத்தில் ரஜூலா கப்பல் ஏறி, ஒரு போத்தல் வேளாங்கண்ணி எண்ணெயோடு பினாங்கில் இறங்கியதிலிருந்து கைநாட்டுத்தான். ஆனால் அன்றைக்கு அது அட்டையில் முதலில் புள்ளி வைத்தது. மேலே ஒன்று, அதற்குக் கீழே மூன்று, பிறகு ஐந்து, ஐந்து, மூன்று, பக்கவாட்டில் வாலுக்கு நாலு. பென்சிலை எடுக்காமல் ஒரே இழுப்பில் புள்ளிகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனது. கழுத்து வந்தது, மார்பு வந்தது, ஒன்றுக்குள் ஒன்று புகுந்த நாலு சுழியாக வால் வந்தது. கொண்டை கடைசியில். பென்சில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தபோது அங்கே ஒரு சேவல் நின்றது. அது கோலம். எங்கள் வாசலில் ஆயா கோலம் போட்டு நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தில் போட்டால் மழையும் சைக்கிளும் அழித்துவிடும். நாற்பது வருஷம் அந்தக் கையில் எங்கே இருந்ததோ.

பதினொன்றையும் ஆயாவே வரைய முடியாது. அத்தை ஒரு யோசனை செய்தார். வரைந்த அட்டையை மேலே வைத்து, கீழே இரண்டு வெற்று அட்டை, மடியில் ஒரு தலையணை. புள்ளியெல்லாம் ஊசியால் குத்து. கீழே உள்ளவற்றில் ஓட்டை விழும். அந்த ஓட்டைகளைச் சுற்றி நானும் தங்கையும் வளைத்தோம். ஆயாவின் சேவல் ஒரே மூச்சில் நின்றது என்றால் எங்களுடையவை இருமி இருமி நின்றன. வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு சேவலுக்குள்ளும் நட்சத்திரம் தெரிந்தது. அதை வைத்தே அரை மணி நேரம் போய்விட்டது.

உடம்புக்கு மஞ்சள், கொண்டைக்குச் சுண்ணாம்புச் சிவப்பு, புல்லுக்குப் பாண்டான், வானத்துக்கு ஆ சிம் நீலம், மூலையில் சிகரெட் சூரியன். எல்லாம் ஆயிற்று. நடுவில் எழுத்து. அத்தை 'உயிர்ப்பு விழா வாழ்த்துகள்' என்று அழகாக எழுதி, அதற்கு மேலே பெரிதாக 'அ' போடத் தூரிகையை எடுத்ததும் ஆயா நிமிர்ந்தது.

"என்ன எழுதப் போற?"

அத்தை சொல்லவில்லை. சொல்ல முடியாதே.

"எழுதினா சத்தம் வருமா அம்மா? வாயாலதான சொல்லக்கூடாது?"

"படிக்கிறவன் மனசுல சத்தம் வரும்."

இந்த வாதத்தை நான் பிறகு எத்தனையோ அறிவாளிகளின் புத்தகங்களில் தேடியிருக்கிறேன்; இவ்வளவு சுருக்கமாக அகப்படவில்லை. அத்தை தோற்றார். பென்சிலால் இரண்டு கோடு மட்டும் இழுத்து, நடுவை வெற்றாக விட்டு, பதினொன்றையும் புதன்கிழமை சாயங்காலம் சமையல் மேசையில் காயவைத்தோம்.

பெரிய வியாழன் கோயிலில் மணியெல்லாம் ஓய்ந்தது. பெரிய வெள்ளி எங்கள் ஊரில் விடுமுறை இல்லை. சபாவிலும் சரவாக்கிலும் உண்டு. தீபகற்பத்துப் பிள்ளைகளுக்கு லீவுக் கடிதம்தான். அன்றைக்கு வீட்டில் கத்தரி, ஊசி, சுத்தியல் எதையும் தொடக்கூடாது. ஆண்டவருக்கு ஆணி அடித்த நாளில் நாமும் ஒன்றைக் குத்தக்கூடாது என்பது ஆயா கணக்கு. கார்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை ஏப்ரல் 14. சித்திரை ஒன்று. சித்தார்த்தி வருஷம் பிறந்தது என்று எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலிலிருந்தே சத்தமாகச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் மூடிபோட்ட எவர்சில்வர் கிண்ணம் நிறைய சேமியாப் பாயசம், மேலே வாழையிலைத் துண்டில் ஆறு வடை. அம்மா வாங்கி மேசையில் வைத்தார். பெரியம்மா போனதும் நாங்கள் இரண்டு பேரும் ஆயாவைப் பார்த்தோம். ஆயா எங்களைப் பார்க்கவில்லை.

"ராத்திரி பூசை முடிஞ்சு வந்து."

பிள்ளைகளுக்கு ஒருசந்தி கிடையாது, அதுவும் சனிக்கிழமை என்ன நோன்பு என்று அப்பா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஆயா ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி எறும்பு ஏறாமல் கிண்ணத்தை நடுவில் வைத்தது, பதில் அவ்வளவுதான். மத்தியானமும் சாயங்காலமும் ஒருமுறை அடுப்பில் சூடுகாட்டியது, திரியாமல் இருக்க. இரண்டு தரமும் ஏலக்காய் வாசனை கூடம் வரைக்கும் வந்தது. இத்தனை வருஷத்தில் நான் இருந்த விரதங்களை எண்ணிச் சொல்லலாம். அவற்றில் வாசனையோடு இருந்தது அந்த ஒன்றுதான்.

பாயசத்தைப் பார்க்கும் சாக்கில் மேசைக்குப் போன தங்கைதான் கத்தினாள். வானம் மாறியிருந்தது. நீலமாக விட்டுவிட்டுப் போன பதினொரு வானமும் ஊதா. சங்குப்பூச் சாற்றில் புளிப்பு பட்டால் ஊதாவாகும். எலுமிச்சை பிழிந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்து மலிவான அட்டையில் படிகாரம் சேர்ப்பார்கள், அந்தப் புளிப்பே போதும். அன்றைக்கு இது யாருக்குத் தெரியும்? ஊதா தவக்காலத்து நிறம். சாமியார் உடுப்பு ஊதா. கார்டு தானாகவே தவக்காலம் அனுசரிக்கிறது என்று ஆயா சிலுவை போட்டுக்கொண்டது. "அப்ப நாளைக்கு வெள்ளையாயிடும்," என்றாள் தங்கை. இதை மறுக்க எங்களில் யாரிடமும் சான்று இல்லை.

ராத்திரி சவேரியார் கோயில் வாசலில் விளக்கெல்லாம் அணைத்துப் புது நெருப்பு மூட்டினார்கள். பெரிய பாஸ்காத் திரியில் சாமியார் சிலுவை கீறி, நாலு மூலையிலும் 1, 9, 7, 9 என்று எண் கீறி, ஐந்து சாம்பிராணி மணிகளைக் குத்தினார். அதிலிருந்து ஒருவர் கைத்திரியிலிருந்து ஒருவர் பற்றவைத்துக்கொள்ள, நெருப்பு வரிசை வரிசையாக உள்ளே நடந்தது. திரிக்குக் காகித வட்டம் மாட்டியிருந்தும் மெழுகு என் கட்டைவிரலில் சொட்டியது. வாசகங்கள் நீளம். படைப்பு முடிந்து ஆபிரகாம் வந்தது ஞாபகம் இருக்கிறது. செங்கடலை நான் கடக்கவில்லை. மணிகள் அடித்தபோது பாதி விழித்தேன். அப்புறம் ஆயா என் தொடையில் கிள்ளியது. சாமியார் தொண்டையைச் செருமி அந்தச் சொல்லை எடுத்தார். முதல் தரம் தாழ்ந்து, இரண்டாம் தரம் கொஞ்சம் ஏறி, மூன்றாம் தரம் இன்னும் ஏறி. ஆயா பாடியது. பல்லில்லாத வாய் அவ்வளவு அகலம் திறந்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வரும்போது நடுராத்திரி ஆகியிருக்கும். பாயசம் பாயசமாக இல்லை. இருந்த பாலையெல்லாம் சேமியா குடித்துவிட்டு, கரண்டி போட்டால் நிற்கும் களியாகியிருந்தது. வடை ரப்பர். அதைவிட ருசியான ஒன்றை நான் சாப்பிட்டதில்லை. ஒரு கையில் கரண்டி, மறு கையில் தூரிகை. காலையில் கார்டு போய்ச் சேர வேண்டும் என்று, வெற்றாக விட்ட இடங்களில் அத்தை ஆறும் நான் ஐந்துமாக எழுதினோம். வானம் வெள்ளையாகவில்லை. தங்கை அதைப் பார்க்க விழித்திருக்கவும் இல்லை.

காலையில் பார்த்தால் என் ஐந்தில் ஒன்றில் தூக்கம் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தது. 'அல்லேயா' என்று நின்றது. அத்தை அதைத் தனியே எடுத்துவைத்தார், கிழிக்க. ஆயா விடவில்லை. பாயசக் கிண்ணத்தைத் துலக்கித் துடைத்து வைத்திருந்தது, வெறுங்கிண்ணம் திருப்பக்கூடாது. ஒரு பிடி சீனி போட்டு அதன்மேல் அந்தக் கார்டை நிறுத்திவைத்தது.

"எதிர்வீட்டுக்குக் கொண்டு போ. அவங்களுக்கு அந்தச் சொல்லு தெரியவா போவுது."

அந்த வாரமே ஒரு நாள் பெரியம்மா வீட்டில் பந்து விழுந்து எடுக்கப் போனேன். கூடத்துச் சாமி மேடையில் தண்ணீர்மலை முருகன் படம். அதன் காலடியில் எங்கள் கார்டு. சேவலின் கொண்டையில் சந்தனம், அதன்மேல் குங்குமம். வானத்தின் ஊதாவில் ஊதுபத்திச் சாம்பல் ஒரு கோடு.

"வருசப் பொறப்பு அன்னிக்குப் பாயசம் குடுத்தேன், மறுநாளே சேவக்கொடியோனே வீட்டுக்கு வந்துட்டான் பாரு," என்றார் பெரியம்மா. கண் கலங்கியிருந்தது.

ஓடிவந்து ஆயாவிடம் சொன்னேன். ஆயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தது. எதிர்வீட்டுக்குப் போய், செருப்பை வெளியே விட்டு, மேடை முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தது. ராயப்பருக்கு எதிராகக் கூவிய சேவல் அது என்று சொல்லும், சொல்லப்போகிறது என்று நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"கண்ணுதான் கொஞ்சம் சின்னதாப் போச்சு," என்றது ஆயா.

"அதெல்லாம் இல்லக்கா, லட்சணமா இருக்கு. அடுத்த வருசம் பிள்ளையை ஒரு மயிலு போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. அவனுக்கு வாகனமும் ஆச்சு."

மயிலிறைச்சி அழுகாது என்று நம்பிய ஆதிக் கிறிஸ்தவர்கள் உயிர்ப்புக்கு அடையாளமாகக் கல்லறைச் சுவர்களில் மயிலைத்தான் வரைந்திருக்கிறார்கள். புனித அகுஸ்தீன் கார்த்தேஜில் ஒரு துண்டு மயில்கறியை ஒரு வருஷம் வைத்திருந்து சோதித்ததாகவே எழுதியிருக்கிறார். சுருங்கி உலர்ந்ததே தவிர நாறவில்லையாம். ஆயாவுக்கு அகுஸ்தீனாரைப் பெயரளவில்தான் தெரியும், மயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது குசினியில் விளக்கு எரிந்தது. ஆயா தரையில் குந்தியிருந்தது. பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி திறந்து கிடந்தது. சுண்ணாம்பைத் தொட்டுத் தொட்டுச் சிமெண்டில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தது. தோகைக்குப் பதினைந்து வைத்து, எண்ணிப் பார்த்து, போதாது என்று முந்தானையால் துடைத்துவிட்டு, மறுபடி ஆரம்பித்தது.